சீழ்க்கைக்கு நின்றவர்கள்

அவர் சீழ்க்கையடித்தார். குதிரை நீர் விடவில்லை. ஆனால் நீர் விழும் ஓசை கேட்டது.

ஓசை கொட்டகைக்கு வெளியிலிருந்து வந்தது. மரத் தடுப்பின் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தார். சலவை மடிப்புக் கலையாத காற்சட்டையும், மூக்குக் கண்ணாடியும், காதில் செருகிய பென்சிலும், கையில் விரித்த பந்தயப் புத்தகமுமாக ஒரு மனிதர் நின்றிருந்தார். வாரம் தவறாமல் வருகிற முகம். எங்கோ ஓர் அலுவலகத்தில் பத்துப் பேர் எழுந்து வணக்கம் சொல்லும் முகம். அவருடைய கால்கள் இரண்டும் அகன்றிருந்தன. காற்சட்டையின் முன்புறம் கறுத்து, அந்தக் கறுப்பு தொடை வழியே இறங்கி, காலணிக்குள் நிறைந்து, விளிம்பில் வழிந்து, மண்ணில் நுரைத்துக்கொண்டிருந்தது. அந்த மனிதர் அதை அறியவில்லை. விரலை நாக்கில் தொட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

"என்ன கலெக்டர் சார்," என்று குதிரையைப் பிடித்திருந்த லாயக்காரன் சிரித்தான். "இன்னிக்கு ஆளுக்கும் சேர்த்து சாம்பிள் எடுக்கறீங்களா? ஒரு பாட்டில் போதாது போலிருக்கே!"

அவர் சிரிக்கவில்லை. வயதானவர், நெடுநேரம் வெயிலில் நின்றவர், அடக்க முடியாமல் போயிருக்கும் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். ஆனால் அந்த வாடை மனித வாடையாக இல்லை. புளித்த வைக்கோலும் மருந்துக் காரமும் கலந்த, மூக்கின் உள்தோலைச் சுரண்டுகிற வாடை. பத்தொன்பது ஆண்டுகளாக அவருக்குப் பழக்கமான வாடை.

பந்தயத் திடலில் அவருக்கு மூத்திரக் கலெக்டர் என்று பட்டப்பெயர். ஓட்டம் முடிந்ததும், வென்ற குதிரையையும், வெல்லும் என்று எல்லாரும் நம்பித் தோற்ற குதிரையையும் அவருடைய கொட்டகைக்குக் கொண்டுவருவார்கள். புது வைக்கோலைப் பரப்பி, கதவைச் சாத்தி, மெல்லிய நீண்ட சீழ்க்கை ஒன்றை அவர் எழுப்புவார். குட்டியாக இருந்த நாள் முதல் அந்த ஒலிக்குப் பழக்கப்பட்ட விலங்கு பின்னங்கால்களை அகட்டும், வாலைத் தூக்கும், நீர் பெய்யும். நீண்ட கழியின் முனையில் கட்டிய அகப்பையில் அதை ஏந்திக் குப்பியில் ஊற்றி, அரக்கு முத்திரை வைத்துச் சோதனைச்சாலைக்கு அனுப்புவதுதான் அவர் வேலை. குதிரைக்கு ஊசி மருந்து ஏற்றியிருந்தால் அந்த நீர் மறைக்காது. பொய் சொல்லத் தெரியாத ஒரே சாட்சி அது.

அந்தச் சாட்சியைத்தான் பதினான்கு மாதங்களாக அவர் பொய் சொல்ல வைத்துக்கொண்டிருந்தார்.

முறை எளிமையானது. வெல்ல வேண்டிய குதிரைக்குப் பயிற்சியாளர் ஒரு மருத்துவரை வைத்து மந்த ஊசி போடவைப்பார். பணம் முழுவதும் அதன்மேல் விழும். குதிரை பாதி வழியில் கால் பின்னித் தோற்கும்; அந்தப் பணம் பயிற்சியாளர் தரப்புக்குப் போகும். கொட்டகையில் அதன் நீரை வைக்கோலில் கொட்டிவிட்டு, சாணி வண்டி இழுக்கிற கிழட்டுக் குதிரையின் சுத்தமான நீரைக் குப்பியில் ஊற்றி முத்திரை வைப்பது அவர் பங்கு. அந்தச் சுத்தமான நீர் ஒரு பிளாஸ்கில், அவர் வீட்டுக் குளிர்ப்பெட்டியின் அடித்தட்டில், பாலுக்குப் பின்னால் இருக்கும். ஏதோ ஆராய்ச்சி மருந்து என்று மனைவியிடம் சொல்லியிருந்தார்.

"ஊசி போட்டது டாக்டரு, ஓட்டினது ஜாக்கி, ஏமாந்தது பப்ளிக்," என்பார் பயிற்சியாளர். "இதுல நீ எங்கய்யா வர்றே? வெறும் மூத்திரம் ஊத்தறவன்!"

அன்று அந்த வாசகம் ஆறுதல் தரவில்லை. ஏட்டிலே மருந்து இல்லை. சோதனைச்சாலையிலே இல்லை. சட்டத்தின் கண்ணிலே இல்லை. ஆனால் ஊசியின் வழியே இறங்கியது இறங்கியதுதானே? இறங்கியது எங்கே போயிற்று? யார் உடம்பில் தங்கிற்று?

வீட்டில் மைத்துனன் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருந்தான். மனைவியின் தம்பி. முன்னறைதான் அவன் கடை. துணிக்கு நடுவே பந்தயப் புத்தகம். சுண்ணக்கட்டியால் ரவிக்கைத் துணியில் குறித்த அளவுகளுக்குப் பக்கத்திலேயே குதிரைகளின் ஓட்ட நேரங்கள். குருட்டு அதிர்ஷ்டத்தை நம்புகிறவன் அல்லன் அவன். எந்தக் குதிரை எந்தத் தரையில், எந்த எடையைச் சுமந்து, எத்தனை நொடியில் ஓடியது என்பதை ஒரு மாணவனைப்போல் படிப்பவன். எல்லாவற்றையும் சரியாகக் கணித்தான். கணித்த அனைத்திலும் தோற்றான்.

"மாமா, இன்னிக்கும் போச்சு," என்றான். "கணக்கு தப்பே இல்ல. குதிரைதான் தப்பா ஓடுது."

"விட்டுத் தொலையேன் மாப்பிள்ளை."

"எப்படி விடறது? அடுத்த சனிக்கிழமை வெள்ளைக்கால் ஓடுது. அது தோக்கணும்னா அதுக்கு நாலு காலும் உடையணும்."

சொல்லிவிட்டு அவன் பற்களைக் கடித்தான். கோபத்தில் கடிப்பதல்ல. கீழ்த்தாடை பக்கவாட்டில் அசைந்து, ஈரமான கல்லைக் கல்லால் அரைப்பதுபோல் மெதுவாக, ஓயாமல் அரைத்தது. வாயோரத்தில் வெள்ளையாக ஏதோ திரண்டது. புறங்கையால் துடைத்து, அந்தக் கையாலேயே ஊசியில் நூல் கோத்தான்.

புதன்கிழமை மனைவி சமையலறை வாசலில் நின்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "என்னங்க, தம்பி நின்னுக்கிட்டே தூங்கறான்."

"களைப்பா இருக்கும்."

"விளையாடாதீங்க. ரெண்டு நாளா படுக்கவே இல்ல. சுவத்தைப் பார்த்து நிக்கறான். கூப்பிட்டா காது மட்டும் அசையுது."

போய்ப் பார்த்தார். மாலை வெளிச்சம் சன்னல் கம்பிகளை அவன் முதுகின்மேல் வரிவரியாக வரைந்திருந்தது. மைத்துனன் சுவரை நோக்கி நின்றான். ஒரு காலை லேசாக மடித்து, எடையை மற்றொன்றில் வைத்து, தலையைத் தொங்கவிட்டு, கண்ணை முழுதும் மூடாமல். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தையலோரங்களில் வியர்வை வெள்ளை நுரையாகப் பூத்திருந்தது. கழுத்தில் ஓர் ஈ உட்கார்ந்தது. கை எழவில்லை. அந்த இடத்துத் தோல் மட்டும், ஈ உட்கார்ந்த அந்த ஒரே இடத்துத் தோல் மட்டும், தானாகச் சிலிர்த்துத் துடித்தது.

அவர் சமையலறைக்குத் திரும்பினார். குளிர்ப்பெட்டியைத் திறந்து தண்ணீர்ப் போத்தலை எடுக்கப் போனார். பாலுக்குப் பின்னால் பிளாஸ்க் பளபளத்தது. தண்ணீர் குடிக்காமலே கதவை மூடினார்.

வெள்ளிக்கிழமை பயிற்சியாளர் தோளில் கைபோட்டுச் சொன்னார்: "நாளைக்கு வெள்ளைக்கால்."

அன்று வீடு திரும்பியபோது முன்னறையில் தையல் இயந்திரம் இல்லை. அது நின்ற இடத்தில் நான்கு சதுரத் தடங்களும், தூசியில் ஒரு பொத்தானும் மட்டும் கிடந்தன.

"வித்துட்டேன் மாமா," என்றான் மைத்துனன். கண்மணிகள் விரிந்து, வெள்ளையே தெரியவில்லை. "நாளைக்கு மொத்தமும் வெள்ளைக்கால் மேல. ஜெயிச்சதும் மோட்டார் வெச்ச புது மெஷின். கண்ணை மூடிக்கிட்டுக் கட்டினாக் கூட ஜெயிக்கிற குதிரை!"

ஒரு வாக்கியம் போதும். போடாதே, நாளை அது தோற்கும் என்ற ஒரே வாக்கியம். அது நாக்கின் நுனிவரை வந்தது. ஆனால் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்பதும் அவருக்குத் தெரியும்: உங்களுக்கு எப்படித் தெரியும்? அந்தக் கேள்விக்குப் பின்னால் வேலை இருந்தது, சிறை இருந்தது, மாதந்தோறும் உறையில் வருகிற பணமும் அந்தப் பணத்தில் பூசிய சுவரும் இருந்தன.

"பார்த்துப் போடு மாப்பிள்ளை," என்றார்.

எத்தனை மென்மையான சொற்கள்! தூக்குக் கயிற்றுக்கு எண்ணெய் தடவுகிறவனின் விரல்கள்கூட அத்தனை மென்மையாக இரா.

சனிக்கிழமை பிற்பகல். திடலில் வழக்கமான இரைச்சல் இல்லை. ஆயிரக்கணக்கானோர் வேலியோரம் தோளோடு தோள் நெருக்கி நின்றார்கள், ஒருவரும் பேசவில்லை. பேச்சுக்குப் பதிலாக மூச்சுக் கேட்டது. மூக்குத் துளைகள் விரிந்து சுருங்குகிற, ஈரம் தெறிக்கிற, பெரிய மூச்சு. அதற்கு அடியில் இன்னோர் ஓசை. அவர் கொட்டகை வாசலில் நின்று கேட்டார். பல் அரைபடும் ஓசை. பார்வையாளர் மேடை முழுவதும் அரைத்துக்கொண்டிருந்தது.

வெள்ளைக்கால் ஓடியது. திருப்பம் வரை காற்றாக ஓடியது. பிறகு அதன் கழுத்து தாழ்ந்தது; வாயிலிருந்து கயிறு கயிறாக எச்சில் பறந்தது; முன்னங்கால்கள் ஒன்றோடொன்று பின்னின. ஏழாவதாக வந்தது. கூட்டத்திலிருந்து கூச்சல் எழவில்லை. ஒரு நீண்ட கனைப்பு எழுந்தது. யாரோ ஒருவர் விளையாட்டுக்குச் செய்தார் என்று நம்ப அவர் விரும்பினார்.

கொட்டகைக்கு வந்த குதிரை நடுங்கியது. ஊசி குத்திய இடத்தில் ஈக்கள் மொய்த்தன. கதவுக்கு வெளியே மேற்பார்வை அதிகாரி நின்றிருந்தார். உள்ளே சீழ்க்கை கேட்க வேண்டும், அது விதி. கொட்டகைக்குள் கலெக்டரின் கையில் பிளாஸ்க் கனத்தது. இன்று உண்மையான நீரை ஊற்றினால் என்ன? இன்று ஒரு நாள் சாட்சியைப் பேசவிட்டால்? மைத்துனனின் இயந்திரம் திரும்பாது; ஆனால் இது நிற்கும். இத்தோடு நிற்கும்.

மூடியைத் திருகினார். கிழட்டுக் குதிரையின் நீர் குப்பியில் மஞ்சளாக நிறைந்தது. அரக்கு உருகியது. முத்திரை விழுந்தது.

பிறகு, விதிக்காக, உதட்டைக் குவித்தார்.

மெல்லிய, நீண்ட சீழ்க்கை.

தடுப்புக்கு வெளியே ஓர் ஓசை. ஒருவர். பக்கத்தில் இன்னொருவர். பிறகு வரிசை. வேலி நெடுகிலும். மேடைப் படிகளில். மழை தொடங்குவதுபோல. மழை வலுப்பதுபோல. கதவின் அடியிலிருந்து வெதுவெதுப்பாக ஒரு கோடு உள்ளே நகர்ந்து வந்து, வைக்கோலை மிதக்க வைத்து, அவர் காலணியைத் தொட்டது.

சீழ்க்கையை நிறுத்தினார். ஓசை நிற்கவில்லை.

ஓடினார். கூட்டத்தின் நடுவே ஓடினார். முழங்கைகள் ஈரமான சட்டைகளில் உரசின. ஒருவரும் திரும்பவில்லை. எல்லாரும் அடுத்த ஓட்டத்தின் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

இனிச் சீழ்க்கையடிப்பதில்லை. தெரு முழுவதும் அதையே சொல்லிக்கொண்டு நடந்தார். இனி இல்லை. உயிர் போனாலும் இல்லை. இரண்டு உதடுகளையும் உள்ளே மடித்துப் பற்களால் கவ்விக்கொண்டார். இரத்தம் உப்புக் கரித்தது.

வீட்டில் அந்தி மங்கியிருந்தது. விளக்கேற்றவில்லை. இயந்திரம் நின்ற நான்கு தடங்களின்மேல், சுவரைப் பார்த்தபடி, மைத்துனன் நின்றிருந்தான்.

மாப்பிள்ளை என்று கூப்பிட வாய் திறக்க வேண்டும். திறக்கவில்லை. தோளைத் தொட்டார். தோல் சிலிர்த்தது.

சமையலறையில் மனைவி. அவளும் நின்றிருந்தாள். தலை தொங்கியிருந்தது. அவர் அவள் கையைப் பிடித்தார். மணிக்கட்டு வெறுமையாக இருந்தது. இரண்டு கைகளிலும் வளையல் இல்லை. நேற்று இருந்தது. தம்பியின் கையில் கொடுத்திருக்கிறாள். வெள்ளைக்கால் மேல். அவளும்.

அவள் தாடை அசைந்தது. மெதுவாக. பக்கவாட்டில்.

அப்போது கேட்டது.

மெல்லிய சீழ்க்கை. நீண்டது.

உதடுகளைத் தொட்டுப் பார்த்தார். மூடியிருந்தன. பற்கள் அவற்றைக் கவ்வியே இருந்தன.

சீழ்க்கை தெருக்கோடியிலிருந்து வந்தது. அவசரமில்லாமல் வந்தது. அது கடந்த வீடுகளில் ஒவ்வொன்றாக நீர் விழுந்தது. எதிர்வீடு. பக்கத்து வீடு. முன்னறை. மைத்துனனின் கால்கள் அகன்றன. மனைவியின் சேலை நனைந்தது. தரையில் நுரை. அந்த வாடை.

நான் பந்தயம் கட்டவில்லை, என்று நினைத்தார். ஒரு காசுகூடக் கட்டவில்லை. நான் வெறும்—

வாசல் கதவு ஒரு சாண் திறந்தது. ஆளில்லை. இடைவெளி வழியே நீண்ட கழி ஒன்று உள்ளே நுழைந்தது. முனையில் அகப்பை. அது மைத்துனனைக் கடந்தது. மனைவியைக் கடந்தது. அவருக்கு முன்னால், இடுப்புக்குக் கீழே, வந்து நின்றது.

காத்திருந்தது.

அவருடைய கால்கள் அகன்றன.