கதவுக்குத் தெரியாத கை

அன்று காலை பால் வாங்கிக்கொண்டு திரும்பியதும், வழக்கம்போல் என் உள்ளங்கையைக் கதவில் வைத்தேன். "வருக, மரகதவல்லி. உடன் வருபவர் உண்டா?" என்றது கதவு. "உண்டு, உண்டு," என்றார் பின்னால் நின்ற என் கணவர் தணிகாசலம். அவருக்காகக் கதவு கொஞ்ச நேரம் திறந்தே இருக்க, தன் சொந்த வீட்டுக்குள் விருந்தாளியாக நுழைந்தார்.

வேலூரில் அப்போது சாவியும் அட்டையும் ஒழிந்திருந்தன. வீடு, பேருந்து, நூலகம் எதையும் திறப்பது தோல்வாசிதான். உள்ளங்கை ரேகைகளைப் படிக்கும் கருவி. அவருக்கோ சொரியாசிஸ். உடம்பின் காவல்படையே தடம் மாறி, புதுத் தோலை அவசர அவசரமாக வளர்த்துத் தள்ளும். உள்ளங்கை தடித்து, வெடித்து, செதில் செதிலாக உதிரும். வாரத்துக்கு ஒரு புதிய கை. எந்தக் கதவுக்கும் அவரைத் தெரியாது. ஒருமுறை களிம்பை அப்பிக்கொண்டு வைத்துப் பார்த்தார். "கையுறையைக் கழற்றவும்," என்றது.

அன்றுதான் நூலகத்தில் நாளவாசிக்குச் சோதனை. தோலை விட்டுவிட்டு, அடியில் ஓடும் இரத்தநாளங்களைப் படிக்கும் புதுக் கருவி. பொறியாளர் நஃபீசா அவரைத்தான் முதல் ஆளாக அழைத்திருந்தாள்.

வரிசையில் ஒருவர் விலகி நின்றார். "இவர் கை வெச்ச எடத்துல நாங்க வெச்சா தொத்திக்காதா?"

"தொத்துறதா இருந்தா முதல்ல இவளுக்குத்தான் தொத்தணும்," என்று என் கணவர் என்னைக் காட்டினார். "கல்யாணத்துல புடிச்ச கை. என் பொறுமைகூட இவளுக்குத் தொத்தல."

"பேசினது போதும், வைங்க சார்!" என்றாள் நஃபீசா.

வைத்தார்.

"வருக, தணிகாசலம்."

"கேட்டியா மரகதம்? என் பேரு! என் பேரைச் சொல்லுது!"

உள்ளே போனவர் வெளியே வந்து மறுபடி வைத்தார். மறுபடியும். "சார், நாங்களும் படிக்க வேணாமா?" என்று வரிசை சிரித்தது. விலகி நின்றவர்கூடக் கைதட்டினார். நான் பின்னாலேயே போனேன்.

"நீ வீட்டுக்குப் போ. இன்னிக்கு நான் தனியாப் போறேன்," என்றார், முகமெல்லாம் சிரிப்பாக.

மாலையில், நூலகத்தில் விரித்த நாளிதழின் மேல் தலைசாய்ந்து இறந்துபோயிருந்தார். தோலைச் சுட்ட அதே அழற்சி இதயத்தின் நாளங்களையும் அரித்திருக்கலாம் என்றார் மருத்துவர்.

இப்போது ஊரெங்கும் நாளவாசிகள். யாரும் யார் பின்னாலும் ஒட்டிக்கொண்டு நுழைவதில்லை. அவரைப் போன்றவர்கள் கையை நீட்டிக்கொண்டு முன்னால் போகிறார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கைதட்டத் தோன்றுகிறது. எங்கள் வீட்டுக் கதவையும் மாற்றித்தர நஃபீசா வந்தாள். "அப்புறம் பாத்துக்கலாம்மா," என்று அனுப்பிவிட்டேன்.

நான் கை வைத்தால் அது இன்னும், "உடன் வருபவர் உண்டா?" என்று கேட்கிறது. பிறகு கொஞ்ச நேரம் திறந்தே இருக்கிறது.