ஊதாவைக் கொன்றது யார்?

அவளுக்குக் கட்டைவிரல் விண்விண்ணென்று தெறித்தது.

எட்டு மாதமாகச் சொட்டுக் குழாயை அமுக்கி அமுக்கிச் சொட்டு விட்ட விரல்!

ஆய்வுக்கூடத்தில் அவள் பெயர் ஊதாக்கா. காரணம், விரலில் ஏறிய ஊதாச் சாயம். சாற்றில் ஆன்டிஆக்ஸிடன்ட் சத்து எவ்வளவோ, அவ்வளவுக்குச் சாயம் வெளுத்து மஞ்சளாகும். அந்த அளவுச் சோதனையை உருவாக்கியவள் அவள்தான்.

இருட்டு அலமாரியைத் திறந்தாள்.

"ஐயோ...!"

பன்னிரண்டு குழாயும் மஞ்சள்! சாறே விடாத வெறும் குழாய்கூட!

"என்னம்மா, ஊத்திக்கிச்சா?"

வாசலில் முதலாளி. பின்னால், மெஷின் பார்க்கும் அவர் மச்சான்.

"பதினொண்ணுக்கு உணவுத் துறை அதிகாரியம்மா வராங்க. உன் டெஸ்ட் டுபாக்கூர்னு சொல்லிடறேன். நாளைலேர்ந்து நீ வர வேணாம்."

"டெஸ்ட் தானா சாகல சார்... கொன்னுருக்காங்க! கரைச்சு வெச்ச சாயத்துல யாரோ வைட்டமின் சி பொடி கலந்திருக்காங்க. அதுவும் ஆன்டிஆக்ஸிடன்ட்தானே!"

"என்னை ஏன் பாக்கறீங்க ஊதாக்கா?" மச்சான் பதறினான். "அந்தச் சாய பாட்டில் பக்கம்கூட நான் வர்றதில்ல!"

மணி பத்து இருபது.

டப்பாவில் கரைக்காமல் மிச்சமிருந்த சிட்டிகைச் சாயப் பொடியைப் புதிதாகக் கரைத்தாள். சுவரில் பெயர் எழுதிய கிளிப்புகளில் மூன்று ஜோடிக் கையுறைகள். தூக்கிப் போடாதே, உதறி மாட்டு, மறுநாள் போடு... முதலாளியின் சட்டம்!

மூன்றையும் தனித்தனியே ஆல்கஹாலில் அலசினாள். அலசியதைத் தனித்தனிக் குழாயில் புதுச் சாயத்தில் விட்டாள். கையுறையில் பொடி ஒட்டியிருந்தால் சாயம் வெளுத்துக் காட்டிக்கொடுக்கும்! வெறும் குழாய் ஒன்றும் சேர்த்து வைத்து, அலமாரியைச் சாத்தினாள்.

அரை மணி நேரம்!

நடந்தாள். உட்கார்ந்தாள். மறுபடி நடந்தாள்.

"எதுக்கும்மா இந்தக் கூத்து?" முதலாளி கழுத்தைத் துடைத்தார்.

அதிகாரியம்மா நுழையவும், அவள் அலமாரிக் கதவைத் திறக்கவும் சரியாக இருந்தது.

வெறும் குழாய்... ஊதா.

அவளுடையது... ஊதா.

மச்சானுடையது... ஊதா!

நாலாவது?

பளீரென்று மஞ்சள்!

"மாமா... நீங்களா?" மச்சான் வாயைப் பிளந்தான்.

"என்னடா பண்ணச் சொல்றே!" முதலாளி வெடித்தார். "நம்ம சத்துச் சாறுக்கு இவ டெஸ்ட்ல சைபர் வந்துச்சு! டப்பால 'நூறு மடங்கு சத்து'ன்னு அச்சடிச்சாச்சு!"

"திருட்டுத்தனத்துக்குக்கூட ஒரு புதுக் கையுறை எடுக்க மனசு வரலையே மாமா!"

அதிகாரியம்மா பேனாவைத் திறந்தாள். "சோதனை நல்லாவே வேலை செய்யுது. எழுதிக்கறேன்."

ஊதாக்கா கட்டைவிரலை நீவிக்கொண்டாள்.

"அந்தப் பொடியை உங்க சாறுல போட்டிருந்தா பாஸாயிருப்பீங்களே சார்! சரி, போகட்டும்... எனக்கு ஒரு மன்னிப்பு பாக்கி வெச்சிருக்கீங்க."