வலிமானி சொன்ன பூஜ்யம்

வலிமானி மறுபடியும் பூஜ்யம் காட்டியது.

"பாத்தியா? மிசினே வலி இல்லைங்குது. பிள்ளையத் தூக்கச் சோம்பல் இவளுக்கு," என்றாள் மாமியார் தங்கபுஷ்பம்.

முத்தழகி ஆஸ்பத்திரிக் கட்டிலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்து மாதம் ஒன்றுக்கு மேலாகிறது. வெளியே தையல் ஆறிவிட்டது, உள்ளே கொதிக்கிறது. காய்ச்சல் வேறு. ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும். ஆனால் நெற்றியில் ஒட்டிய பட்டை நரம்பைப் படித்து ஐந்துக்கு மேல் எண் சொன்னால்தான் ஸ்கேன் அறைக் கதவே திறக்கும். வாய் விட்டுச் சொல்கிற மனுஷிக்கு அங்கே மதிப்பில்லை. எண்தான் வலி.

"இந்த மிசின் எழவுக்கு யாரு சொல்லிக்குடுத்தா?" என்று கேட்டான் புருஷன் சுடலைமணி.

"பிள்ளை பெத்தவங்க நெத்தியில பட்டைய ஒட்டி, வலிக்குதான்னு கேட்டு, அவங்க சொன்ன பதிலைத்தான் மிசினுக்கு ஊட்டினாங்க," என்றாள் நர்ஸ் கிரேஸ்.

"கேக்கும்போது பக்கத்துல யாரு?"

"மாமியாருதான். வேற யாரு துணைக்கு வருவா?"

"அப்ப எல்லாவளும் ஒண்ணுமில்லைன்னுதான் சொல்லியிருப்பா," முத்தழகி பல்லைக் கடித்தாள். "நானும் அத்தை முன்னால அப்படித்தானே சொன்னேன்."

தங்கபுஷ்பம் சுவரைப் பார்த்தாள்.

"ஆம்பளைக்கும் இதே கணக்கா?" என்றான் சுடலைமணி.

"அவங்க ஊசியப் பாத்ததுமே கத்துவாங்கண்ணே. அதைத் தனியா ஊட்டியிருக்கு."

சுடலைமணி எட்டி, மிஷினில் 'ஆண்' என்ற பொத்தானை அமுக்கினான். அதே வயிறு, அதே வலி. எண் எட்டு. கதவு திறந்தது.

உள்தையலுக்குப் பின்னால் சீழ் கட்டியிருந்தது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் ஆளே மிஞ்சியிருக்கமாட்டாள் என்றார் டாக்டர். சீழை எடுத்தார்கள். முத்தழகி பிழைத்தாள்.

சுடலைமணி சும்மா விடவில்லை. புகார் மேலே போனது. ஒரே வயிற்றுக்கு இரண்டு எண்ணா என்று பெரிய படிப்புக்காரர்கள் கூடி உட்கார்ந்தார்கள். டீ குடித்தார்கள். பிழையைக் கண்டுபிடித்தும்விட்டார்கள்: ஆண்களுக்குத்தான் மிஷின் கூட்டிக் காட்டுகிறதாம்! 'ஆண்' பொத்தானைப் பிடுங்கிப் போட்டார்கள். இனி எல்லாருக்கும் ஒரே கணக்கு, பெண் கணக்கு. திருத்துகிற லட்சணம் இது.

அந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய மருத்துவமனைத் தலைவர், கொஞ்ச நாளில் சிறுநீரகக் கல்லோடு அதே வார்டுக்கு வந்து சேர்ந்தார். "ஐயோ, செத்தேன்! ஸ்கேன் எடுங்க!" என்று கட்டிலில் உருண்டார்.

கிரேஸ் வலிமானியைப் பார்த்தாள். பூஜ்யம். ஸ்கேன் அறைக் கதவைப் பார்த்தாள். அது அசையவில்லை.

"எந்திரிச்சு கொஞ்சம் நடங்க சார்," என்றாள். "படுத்தே கெடந்தா அப்படித்தான் வலிக்கிற மாதிரி இருக்கும்."