ஒரு பிடி கறுப்பு மண்

“அப்ப அங்க பொழுதே எறங்காதுங்கற?”

“எறங்குமுங்கம்மா. கடல்ல ஒரு கால நனைச்சுட்டு மறுபடியும் ஏறிக்கும். அவ்வளவுதான்.”

“அப்புறம் சனங்க எப்படித்தான் தூங்குவாங்க?”

“சன்னலுக்குக் கறுப்புத் திரை போட்டிருப்பாங்க. இழுத்து உட்டா ராத்திரி, தள்ளி உட்டா பகல்.”

“நல்ல ஊரு போ. ராத்திரியக் கொடியில தொங்கப் போட்டு வெச்சிருக்கறாங்க.” கருப்பாத்தாள் சிரித்தாள். மடியில் முறத்தை வைத்து மொச்சை உரித்துக்கொண்டே, தலை நிமிராமல் அடுத்ததைச் சொன்னாள். “எல்லாஞ் சரி, அந்தக் காத்துதான் கண்ணு ஆகாது. தூங்கறவன் பல்லக் கடிக்கறாப்புல நறநறன்னு ஒரு சத்தம்.”

விசா விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்த செல்வப்பிரியாவின் பேனா நின்றது.

தான் போகவிருக்கும் தீவின் காற்றைப் பற்றி அவள் அம்மாவிடம் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. பாலக்காட்டுப் பக்கம் பெருமாட்டியில் இந்த வீடு, தென்னந்தோப்பு, சித்தூர்ச் சந்தை, வருடத்துக்கு ஒருமுறை பழனி. அம்மா பார்த்த உலகம் அவ்வளவுதான்.

“ஆரு சொன்னாங்க உங்களுக்கு?”

“ஆரும் சொல்லல. கேட்டுட்டுத்தான இருக்குது.”

பிரியா காதைத் தீட்டினாள். தோப்பில் ஓலைகள் ஒன்றோடொன்று உரசின. தூரத்தில் மோட்டார் ஓடியது. பங்குனி மாதத்து மாலை, மலைக் கணவாய் வழியாக வரும் காற்று அடுப்பு ஊதியதுபோல் முகத்தில் அடித்தது. வேறெதுவும் கேட்கவில்லை. ஆனால் அம்மாவின் விரல் நகங்களைப் பார்த்தாள். ஒவ்வொரு நகத்தைச் சுற்றியும் மை தீட்டியதுபோல் ஒரு கறுப்பு விளிம்பு. மொச்சை உரித்தால் அப்படி ஆகாது.

அவள் சித்தூரில் ஒரு தமிழ் மீடியம் பள்ளியில் புவியியல் டீச்சர். ஏழு வருடங்களாக, வருடம் தவறாமல், கரும்பலகையில் எரிமலை வரைகிறாள். வாய்க்குச் சிவப்புச் சாக்பீஸ், புகைக்கு வெள்ளை. போன வருடம் கடைசி பெஞ்சில் ஒருத்தி எழுந்து, “டீச்சர் நேர்ல பாத்திருக்கீங்களா?” என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தபோது பிரியாவுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. அன்று இரவே ஐஸ்லாந்தின் வரைபடத்தைச் சுவரில் ஒட்டினாள். மே மாதக் கடைசியில் பதினொரு நாள். விசாவுக்குச் செவ்வாய்க்கிழமை கொச்சியில் நேரம் வாங்கியாகிவிட்டது. பனியிலும் சரளைக் கல்லிலும் நடப்பதற்கென்று வாங்கிய கனமான பூட்ஸ் கட்டிலடியில் பெட்டியோடு இருந்தது.

அண்ணன் பிரதீப்புக்கு அந்த வரைபடத்தைக் கண்டாலே ஆகாது. “எரிமலை பாக்க அம்புட்டுத் தூரமா? மத்தியானம் ரெண்டு மணிக்கு நம்ம மொட்டை மாடியில ஏறி நில்லு, அதேதான்” என்பான். “பொண்ணு பாக்க வர்றவங்ககிட்ட நானு என்னன்னு சொல்றது?”

“போயிருக்கறான்னு சொல்லுங்கண்ணா. திரும்பி வந்தா பாத்துக்கட்டும்.”

“திமிரு.”

“ஆமாங்க.”

அன்று அவன் தேங்காய் லோடு ஏற்றிக்கொண்டு கோவைக்குப் போயிருந்தான். வீட்டில் இவர்கள் இருவர் மட்டும்.

வாடை அப்போதுதான் வந்தது. ஊசிப்போன முட்டையையும் உரசிய தீக்குச்சியையும் ஒன்றாக மூக்கருகே பிடித்ததுபோல. பிரியா எழுந்து சமையலறைக்குப் போனாள், இல்லை. பின்கட்டுச் சாக்கடையைப் பார்த்தாள், அது காய்ந்து கிடந்தது. கூடத்துக்குத் திரும்பியபோது வாடை கூடியது. பூஜை அறையின் இரட்டைக் கதவுக்கு முன்னால் நின்றபோது கண்ணில் நீர் வந்தது.

ஆறடிக்கு ஆறடி அறை. சன்னல் கிடையாது. கதவைத் திறந்தாள்.

சாமி படங்களுக்குக் கீழே ஒரு பித்தளைத் தாம்பாளம். அதில் கறுப்பு மணல், குவியலாக, உச்சியில் மஞ்சளும் குங்குமமும் வைத்து, செவ்வரளி சூட்டி. முன்னால் ஒரு விளக்கு. காற்று புகாத அந்த அறையில் அதன் சுடர் நேராக நிற்கவில்லை, யாரோ மறுபக்கமிருந்து மூச்சை உறிஞ்சுவதுபோல் மணலை நோக்கிச் சாய்ந்திருந்தது.

அந்த மணல் எதுவென்று அவளுக்குத் தெரியும். கூடப் படித்த மௌனிகா அயர்லாந்தில் நர்ஸாக இருக்கிறாள். தீவுக்குப் போய்வந்தவள், போன மாதம் லீவில் வந்தபோது, “இந்தாடி, உனக்கு முன்னாடி உன்ற தீவு வந்துருச்சு” என்று விரல் நீளக் கண்ணாடிக் குப்பி ஒன்றைக் கையில் திணித்தாள். உள்ளே கடற்கரையின் எரிமலை மணல். ஒரு பிடிகூட வராது. குப்பி சில நாட்களாக மேசையில் இல்லை, அம்மா ஒதுக்கி வைத்திருப்பாள் என்று நினைத்திருந்தாள்.

தாம்பாளத்தில் இருந்தது இரண்டு படியாவது இருக்கும்.

“அம்மா!”

கருப்பாத்தாள் முறத்தோடு வந்து பின்னால் நின்றாள். பயந்தவளாகவும் இல்லை, வெட்கப்பட்டவளாகவும் இல்லை.

“எனக்கு உன்னய நிறுத்தத் தெரியல கண்ணு. உங்கண்ணன் கத்தறான், நீ அவனுக்கு மேல கத்தற. அப்பத்தான் ரோசனை வந்துச்சு. நம்ம தோப்புல இருக்கற ஆத்தா எங்கிருந்து வந்தா? காங்கேயத்துப் பக்கமிருந்து. வருசா வருசம் அத்தன தூரம் போக முடியாதுன்னு, பெரியவங்க ஒரு பிடி மண்ணெடுத்தாந்து வெச்சு வெளக்கேத்துனாங்க. ஆத்தா வந்தாளா இல்லியா?”

“அதுக்கு?”

“அந்த ஊரே இங்க வந்துட்டா நீ எதுக்கோசரம் அங்க போகோணும்?”

பிரியாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியில் கோபமானது. “நானு போயிப் பாக்கோணும்மா. என்ற கால்ல நடந்து போயி. அது இங்க வரப்படாது. எடுத்துக் கொட்டுங்க.”

“மூணா நாளே பயமாப் போச்சு, எடுத்துப் பாத்தேன். குப்பி நெறைய அள்ளுனேன். தட்டுல கொறையல.” அம்மாவின் குரல் தாழ்ந்தது. “எந்த சாமின்னு தெரியாம வெளக்கு வெச்சுப்போட்டேன் கண்ணு. பேரு தெரியல, என்ன படைக்கறதுன்னும் தெரியல. அது கேட்டுட்டே இருக்குது. ஒம்போது நாளாத் தூங்க உடல.”

பிரியா குனிந்து மணலைத் தொட்டாள். மேலே குளிர்ந்திருந்தது. விரலை உள்ளே விட்டாள். அடியில் சூடு, காய்ச்சல் கண்ட உடம்பின் சூடு. அந்தச் சூடு சீராக விம்மித் தணிந்தது. கையை வெடுக்கென்று இழுத்தாள். இழுத்ததும் தன் பயத்தின்மேல் அவளுக்குக் கோபம் வந்தது.

“சரி. உங்களுக்குக் கெட்டிக்காரத்தனம் இருந்தா எனக்கும் இருக்குது. தூக்குப்போசியில போட்டு மூடி, நானே கொண்டுபோயி அந்தக் கரையிலயே கொட்டிட்டு வர்றேன். இப்பப் போகாம இருக்கவே முடியாது, பாத்துக்கங்க. நீங்களே எனக்குக் காரணம் குடுத்துட்டீங்க.”

“மே மாசம் வரைக்கும் பொறுக்குமா?”

“பொறுக்கட்டும். நீங்க உள்ள போகாதீங்க. வெளக்கு வெக்க வேண்டாம். கேட்டுச்சுங்களா?”

அம்மா தலையாட்டினாள்.

பெரிய தூக்குப்போசி தோப்பின் மோட்டார் அறையில் இருந்தது. பிரியா போய் மோட்டாரை நிறுத்தி, பாத்திரத்தைக் கழுவி, மூடி இறுகுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது கரண்டு போனது. தோப்பு ஒரே நொடியில் இருண்டது. எப்போதும் விளக்கு வைக்கிற நேரம் தாண்டியிருந்தது. பாத்திரத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, போனின் வெளிச்சத்தில் வரப்போடு நடந்தாள். பக்கத்துத் தோட்டத்து வீடு இருட்டு. ரோடு இருட்டு. வானத்தில் நட்சத்திரங்கள் வந்திருந்தன.

அவள் வீட்டுச் சன்னல்கள் மட்டும் வெளுத்திருந்தன.

விளக்கின் மஞ்சள் இல்லை. பெட்ரோமாக்ஸின் வெள்ளையும் இல்லை. மழைக்கு முந்தைய பகல்போல் சாம்பல் நிறத்தில் ஒரு பகல், சன்னல் கம்பிகளுக்குப் பின்னால், அசையாமல் நின்றது.

கூடத்துக்குள் நுழைந்தாள். குளிர். அவள் விட்ட மூச்சு வெண்மையாக முன்னால் போனது. கையை நீட்டிப் பார்த்தாள், சுவரில் நிழல் விழவில்லை. முறம் தரையில் கிடந்தது. மொச்சை சிதறியிருந்தது. அதன் நடுவே, பூஜை அறைக் கதவுக்கு அடியிலிருந்து, கறுப்பு மணல் மெல்லிய அலையாக வந்து நின்று, பின்வாங்கி, மறுபடியும் வந்தது.

இப்போது கேட்டது.

நறநற.

போன் அதிர்ந்தது. பிரதீப். “வாளையார்ல செக்போஸ்ட்டத் தாண்டறதுக்குள்ள உசுரு போயிருச்சு. லாரியா நிக்குது. சோறு இருக்குதா? அம்மா என்ன பண்றாங்க?”

“அண்ணா, அங்க இருட்டாயிருச்சுங்களா?”

“ஏழே முக்காலாச்சு. இருட்டாம?”

“இங்க வெளிய இருட்டீருச்சு.” அவள் பல் கிட்டியது. “ஊட்டுக்குள்ளதான் இருட்டல.”

“உன்ற தீவுக் கதைய எங்கிட்ட ஆரம்பிக்காத, சாமி. பசியில இருக்கறேன்.” லாரி ஹாரன் ஒன்று அவன் குரலை மூடியது. லைன் போனது.

“அம்மா?”

தூக்குப்போசியைக் கீழே வைத்தாள். கதவின் இரண்டு பக்கங்களையும் ஒரே தள்ளாகத் தள்ளினாள்.

சாமி படங்கள் இல்லை. பின்சுவர் இல்லை.

ஆறடியில் முடிய வேண்டிய அறை முடியவில்லை. கறுப்பு மணல். கண் போகும் தூரம்வரை. அதன்மேல் சாம்பல் வானம், சூரியன் எங்கே என்று தெரியாத வெளிச்சம். வெகுதூரத்தில் ஒரே ஒரு மஞ்சள் புள்ளி, மணலை நோக்கிச் சாய்ந்து. விளக்கு. அம்மா ஏற்றிய விளக்கு.

வாசற்படியிலிருந்து காலடித் தடங்கள் போயின. வெறுங்கால். சிறிய பாதம், வலது சுண்டுவிரல் பதியாத அம்மாவின் பாதம். பத்துத் தடம். இருபது. அதற்கப்பால் இன்னொரு தடம் வந்து சேர்ந்திருந்தது. எதிர்த் திசையிலிருந்து. பாதம் அல்ல அது. பாறையை இழுத்ததுபோல் ஒரு பள்ளம். சேர்ந்த இடத்தில் அம்மாவின் தடங்கள் ஒரு நிமிடம் நின்று குழம்பியிருந்தன.

பிறகு இரண்டும் சேர்ந்தே போயிருந்தன.

ஓடிவிடலாம். பின்கதவு திறந்துதான் இருக்கிறது. ரோட்டுக்கு நூறடி. ஓடினால், பிரதீப் வரும்போது இங்கே ஆறடி அறையும் ஒரு தாம்பாளமும் மட்டும் இருந்தால்? அம்மா எங்கே என்று கேட்டால்?

பிரியா தன் அறைக்குப் போனாள். கட்டிலடிப் பெட்டியை இழுத்தாள். பூட்ஸ் கயிறு மூன்று முறை நழுவியது. நான்காவது முறை இறுக்கிக் கட்டினாள். பிறந்ததிலிருந்து செருப்போடு நெருங்காத பூஜை அறை வாசற்படியில், பூட்ஸ் காலை ஓங்கி வைத்தாள்.

“இங்க பாரு.” யாரிடம் சொல்கிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. “நானு வாரேன்னு ஏற்கெனவே சொன்னவதான். நீ கூப்புட்டு வரல. நானா வாரேன். எங்கம்மாவ உட்டுரு.”

நறநற சத்தம் நின்றது.

விளக்கின் பக்கத்தில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒன்று அம்மாவின் பச்சைப் புடவை. மற்றது எழுந்தது. மெதுவாக. எழுந்தது. எழுந்துகொண்டே இருந்தது. வானத்தின் கால்வாசி மறைந்த பிறகும் எழுந்து முடியவில்லை.

பச்சைப் புடவை திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அம்மாவின் குரல் வந்தது. தூரத்திலிருந்து அல்ல, பிரியாவின் பூட்ஸுக்கு அடியிலிருந்து, சோர்ந்து, வார்த்தைக்கு வார்த்தை மணல் அரைபட.

“கண்ணு… வந்துட்டயா? அந்தக் கறுப்புத் திரையச் சித்த இழுத்து உடு, சாமி. கண்ணு கூசுது.”