சத்தம் போடாத நாண்

முதல் ரோமக் குஞ்சத்தை வில்லின் நாணில் கட்டியதுமே ஷெட்டின் தகரக் கூரையில் மழைச் சத்தம் பாதியாகக் குறைந்தது. ஆர்லன் வாசலைப் பார்த்தான். மழை என்னவோ அதே வேகத்தில்தான் பெய்துகொண்டிருந்தது. காது அடைத்திருக்கும் என்று தலையைத் தட்டிக்கொண்டான்.

இருந்த எரிச்சலில் மழையைப் பற்றி யோசிக்க அவனுக்குப் பொறுமையில்லை. இந்த வேட்டை சீசனில் இரண்டு மான்கள் பக்கத்தில் வந்தும் தப்பிவிட்டன. அம்பு போய்ச் சேருவதற்குள் நாண் அதிரும் சத்தம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. நாளை கடைசி நாள். குளிர்காலம் முழுக்க மான்கறியை நம்பியிருக்கும் வீட்டில் ஃப்ரீஸர் காலியாகக் கிடந்தது. நாண் சத்தத்தை அடக்கக் கடையில் விற்கும் ரப்பர் குஞ்சங்களை மூன்று ஜோடி மாட்டிப் பார்த்துவிட்டான். ஒன்று வழுக்கியது, ஒன்று பிய்ந்தது, இன்னொன்று இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அந்த ஆத்திரத்தில்தான் காலையில் அப்படிச் செய்தான்.

அடுத்தவன் மரத்தில் கட்டிய பரணில் ஏறக் கூடாது, அங்கிருப்பதைத் தொடக் கூடாது. வடக்கு விஸ்கான்சினில் வேட்டைக்குப் போகிற யாரும் அதை மீற மாட்டார்கள். ஆனால் சதுப்பு ஓரத்துப் பரணில் வருஷக்கணக்காக ஆளே இல்லை. கொக்கியில் ஒரு வில் மட்டும் தொங்கியது, அதன் நாணில் சாம்பல் நிறத்தில் இரண்டு ரோமக் குஞ்சங்கள். அறுத்துக்கொண்டு வந்துவிட்டான். எந்த மிருகத்தின் ரோமம் என்று தெரியவில்லை. வழியெல்லாம் சட்டைப்பையில் வெதுவெதுவென்று இருந்தது.

மனைவி மார்லிஸ் ஷெட்டை ஒட்டிய சமையலறைக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

“அந்த வில்லோடயே குடித்தனம் நடத்திக்கோ. சூப் ஆறிப்போச்சு.”

“இன்னும் ஒண்ணுதான். கட்டிட்டு வரேன்.”

“அடுத்தவன் பரண்லேர்ந்து எடுத்ததுதானே? திருப்பி வச்சிடு, ஆர்லன். எனக்கு என்னமோ பிடிக்கல.”

கம்பளிக்குள்ளிருந்து பேசுவதுபோல அவள் குரல் அமுங்கி வந்தது. அவன் வில்லை மேசை இடுக்கியில் பூட்டி நாணைத் தளர்த்தி, இழைகளை விலக்கி இரண்டாவது குஞ்சத்தைச் செருகி, நூலை இறுக்கி முடிச்சுப் போட்டான்.

மழை நின்றது. இல்லை, பெய்கிறது. கேட்கவில்லை.

வாசலில் நாய் ஷெட்டுக்குள் பார்த்துக் குரைத்தது. வாய் திறந்து திறந்து மூடியது. சத்தமில்லை. வாலை ஒடுக்கிக்கொண்டு மழைக்குள் ஓடியது.

நாணை மறுபடி இறுக்கி வில்லை இடுக்கியிலிருந்து எடுத்து, அம்பைப் பூட்டி மூலையிலிருந்த இலக்கில் எய்தான். நடுவில் தைத்தது. நாண் மூச்சுக்கூட விடவில்லை. “அப்பாடா” என்றான்.

அந்த “அப்பாடா”வும் கேட்கவில்லை.

பயந்துபோய்க் கத்தியை எடுத்து முடிச்சை அறுத்தான். அறுபடவில்லை. மறுபடியும் அறுத்தான். சனியன் பிடித்த நூல். சேற்று நாற்றம் அடித்தது. பிடரியில் சூடாகக் காற்று பட்டது. நின்றது. மறுபடியும் பட்டது.

கதவில் மார்லிஸ். கையிலிருந்த கிண்ணம் விழுந்து சத்தமில்லாமல் உடைந்தது. வாய் முழுக்கத் திறந்திருந்தது. தொண்டை நரம்புகள் புடைத்திருந்தன.

அவள் அவனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். அவள் கண்கள் மெல்ல மெல்ல மேலே ஏறி, கூரை உத்திரம் வரை போய் நின்றன.