தவமணியின் முதுகு

ஹாக்கித் திடலில் எபனேசர் அடித்த அந்தக் கோலுக்கு நேற்றைய விலை நாற்பத்திரண்டு லட்சம். மஸ்கட்டில் இருந்து ஒரு சேகரிப்பாளர் கேட்டிருந்தார். சுயம்புலிங்கம் அண்ணாச்சி காலையில் வத்தல் மண்டியைத் திறந்து, குளிரூட்டிய கிட்டங்கிக்குள் மூட்டைகளை ஒரு நடை பார்த்துவிட்டு, சாவகாசமாக அறுபது என்று பதில் போட்டார். ஐம்பது என்று வந்தது. எழுபது என்றார். எதிர்ப்பக்கம் குழம்பிப்போய் அடங்கிவிட்டது. விற்பதில்லை என்பது வேறு. விலை பேசாமல் இருப்பது வேறு. பேசாமல் விட்டால் சரக்குக்கு மரியாதை ஏது?

நினைவுச் சந்தையில் நகல் கிடையாது. விற்றவர் தலையில் இருந்து எடுத்து வாங்கியவர் தலைக்குள் வைத்துவிடுவார்கள். விற்றவருக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. கோவில்பட்டியில் தன் கல்யாண நாளை விற்று மாடி கட்டியவர்கள் இருக்கிறார்கள். அண்ணாச்சி ஒன்றையும் விற்றதில்லை. அவரிடம் விற்கக்கூடிய தரத்தில் இருந்ததே ஒரு கோல்தான், அதுவும் அன்று சாயங்காலம் அவருக்கே தேவைப்பட்டது.

வெயிலில் விளையாடக் கூடாது என்று சட்டம் வந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. இப்போதைய பிள்ளைகள் ஹாக்கி ஆடுவது குளிர்கூடங்களில், கண்ணாடிச் சுவருக்குள். திறந்த திடல் முழுவதும் நிழலர்களுக்கு. அதாவது, பழைய ஆட்டக்காரர்கள். பொழுது சாய்ந்ததும் திடலைச் சுற்றியுள்ள கம்பங்கள் ஒளியைப் பாய்ச்சும். ஒளியில் இருந்து ஆள் எழுந்து ஓடும். எந்த ஆள், எப்படி ஓட வேண்டும் என்பதைக் கம்பங்களுக்குச் சொல்வது தாங்குநரின் தலை. ஒரு வீரரைக் கண்ணால் பார்த்த ரசிகர் ஒருவர் நெற்றியில் நினைவுப்பட்டையைக் கட்டிக்கொண்டு பந்தலில் உட்கார்ந்தால், அவர் நினைவில் எப்படி இருக்கிறாரோ அப்படியே அந்த வீரர் திடலில் ஆடுவார். அப்படித்தான் செத்துப் பத்து வருடமான எபனேசர் ஒவ்வொரு சித்திரையிலும் தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டு சென்டர் ஃபார்வர்டு இடத்தில் வந்து நின்றார். அவரைப் பார்க்கும்போதெல்லாம் அண்ணாச்சிக்கு வயது பதினாறு.

எல்லாம் சரி, ஒரு சங்கடம். கோவில்பட்டியின் தீக்குச்சி லெவன் ஆறு வருடமாகத் தோற்றுக்கொண்டிருந்தது. ஏழாவது தடவையும் தோற்றால் நிழலாட்டக் கம்பெனி அந்த அணியை அணைத்துவிடும். ஒப்பந்தம் அப்படி. மின்சாரம் என்ன இனாமாகவா வருகிறது?

எதிரணி வழக்கம்போல் தூத்துக்குடியின் உப்பள லெவன். அவர்களுடைய தாங்குநர்கள் பதினொரு பேரும் பெண்கள். பழைய ஆட்டக்காரர்களின் மனைவிமார். அவரவர் புருஷனை அவரவர் தாங்கினார்கள்.

இந்தப் பந்தலில் அண்ணாச்சிக்கு அடுத்த நாற்காலி லாட்ஜ் கனகவேலுக்கு. அவர் தாங்குவது ரைட் இன் இடத்தில் ஆடிய ரஞ்சனை. எபனேசர் பெரியவரா ரஞ்சன் பெரியவரா என்று இருவரும் மீசை முளைத்த நாளில் தொடங்கிய சண்டை இன்னும் தீர்ப்பாகவில்லை.

"இன்னைக்காவது உம்ம ஆளு பந்தைத் தொடுவானா வே?" என்றார் கனகவேல், பட்டையை இறுக்கிக்கொண்டே.

"தொட்டா கோலு. உம்ம ஆளு மாதிரி தொட்டுத் தடவிக்கிட்டு இருக்க மாட்டான்."

விசில் ஊதியது. முதல் பாதி முழுவதும் நடந்தது போன ஆறு வருடமும் நடந்ததுதான். எபனேசர் கோலை நோக்கிப் பாய்ந்தார். ரஞ்சனும் பாய்ந்தார். ஃபுல் பேக் இரண்டு பேரும்கூடப் பின்பக்கத்தை அம்போ என்று விட்டுவிட்டுக் கோல் அடிக்கப் பாய்ந்தார்கள். கோல்கீப்பர் உருண்டு வந்த பந்துக்கெல்லாம் பறந்து விழுந்தார். எல்லோரும் அழகு, ஒவ்வொருவரும் தனியாகப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். பந்து மட்டும் தூத்துக்குடிக்காரர்களிடமே இருந்தது. பாதி முடிந்தபோது அவர்களுக்கு இரண்டு, இவர்களுக்குப் பூஜ்யம்.

இடைவேளையில் உப்பள லெவன் கேப்டனின் மனைவி ரெஜினா ஒரு டம்ளர் நன்னாரி சர்பத்தோடு இந்தப் பந்தல் பக்கம் வந்தார். வெற்றி பெறப் போகிறவர்களுக்கே வரும் தாராளம் அது.

"தப்பா எடுத்துக்கிடாதீய அண்ணாச்சி. ஒங்க ஆளுங்க ஒருத்தருக்குக்கூட மூச்சே வாங்கலியே?"

"எதுக்கு வாங்கணும்?"

"எங்க வீட்டுக்காரரு அம்பதடி ஓடுனா இடுப்பப் பிடிச்சுக்கிட்டு நிப்பாரு. அதை நான் மறப்பனா? வீட்டுக்கு வந்து தைலம் தேச்சுவிட்டது யாரு? அதான் இங்கயும் அம்பதடியில நின்னு, பக்கத்துல இருக்கவருக்குப் பந்தைக் குடுத்துருதாரு. அவரு புத்திசாலின்னு நினைச்சிராதீய. முடியல, குடுக்காரு."

சொல்லிவிட்டு ரெஜினா போய்விட்டார். ரசிகன் கோலை மட்டும் சேர்த்து வைத்திருக்கிறான், மனைவி இடுப்புப் பிடிப்பையும் சேர்த்து வைத்திருக்கிறாள். ஆறு வருடத் தோல்விக்கு இதுதான் காரணம் என்று அண்ணாச்சிக்கு ஒரு டம்ளர் சர்பத்தில் விளங்கிவிட்டது.

நிழற்பொறியாளர் மெர்லின் ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டினாள். கம்பெனிப் பெண்தான், ஆனால் ஆறு வருடத் தோல்வியில் இவர்கள் கட்சிக்கு வந்துவிட்டவள்.

"எபனேசர் சாருக்கு முதல் பாதியில ஒரு பந்துகூட வரல அண்ணாச்சி. ரஞ்சன் சாருக்கும் அப்படித்தான். குடுக்க ஆளே இல்ல. குடுக்க வேண்டிய இடத்துல நிக்கிறது இது."

லெஃப்ட் ஹாஃப் இடத்தில் சாம்பல் நிறத்தில் ஓர் உருவம் நின்றது. நிரப்பி. தாங்க ஆள் வராத இடத்தில் இயந்திரம் நிறுத்துகிற பொம்மை. நிற்கும், வேறொன்றும் செய்யாது.

"ஆறு வருஷமா விளம்பரம் குடுக்கேன். லெஃப்ட் ஹாஃப் ஆடுனவரைப் பாத்தவங்கன்னு ஒருத்தர் வரல. யாரு ஆடுனாங்க அங்க?"

"யாரோ ஒருத்தன் ஆடுனான்," என்றார் கனகவேல். "தவசியோ என்னமோ."

"தவமணி," என்றார் அண்ணாச்சி.

"உமக்கு எப்படித் தெரியும்?"

"நீரு காசு குடுத்து பந்தல் நிழல்ல உக்காந்தீரு. நான் இடது பக்கம் கம்பி ஓரத்துல, ஓசியில, வெயில்ல. பத்துப் பன்னிரண்டு வருஷம் அவன் முதுகத்தான பாத்தேன். எபனேசர் ஓடும்போதெல்லாம் சரியா வந்து மறைச்சுக்கிட்டு நிப்பான், பாவி. தள்ளுலே தள்ளுலேன்னு கத்தியிருக்கேன்."

"அந்தக் கோலு அடிச்ச அன்னைக்கும் மறைச்சாரா?" என்று மெர்லின் கேட்டாள். தொழில்முறைக் கேள்விதான்.

"இல்ல. அன்னைக்கு மட்டும் முழுசா..." அண்ணாச்சி நிறுத்தினார்.

அவருடைய கோல் எப்போதும் எபனேசரின் ஸ்டிக்கில் பந்து இருக்கும் இடத்தில்தான் தொடங்கும். அதற்கு முன்னால் போய்ப் பார்க்க வேண்டும் என்று தோன்றியதே இல்லை. இப்போது போனார். வெயில், புழுதி, கம்பியின் சூடு. கண்ணெதிரே அந்த முதுகு. சட்டைத் தையல் விட்ட இடத்தில் ஊக்கு. எவனோ இடித்ததில் முதுகு சரிந்தது. முழங்கால் சரளைக்கல்லில் தேய, விழுந்தபடியே ஒரு கை நீண்டு, ஸ்டிக்கின் நுனியால் பந்தை ஒரு தள்ளு தள்ளியது. இரண்டு பேருக்கு நடுவே பந்து போயிற்று. முதுகு எழுந்திருக்கவில்லை. அந்த வெற்றிடத்தின் வழியாகத்தான் எபனேசர் முதல் தடவையாக மறைப்பே இல்லாமல், பந்தை எடுத்துத் திரும்பி அடித்தது வரை, முழுசாகத் தெரிந்தார்.

கோலைக் கொடுத்தது மட்டுமா? அதைப் பார்க்க வழி விட்டதும் அவன்தான்.

"நீங்க தவமணி சாரைத் தாங்குனா பந்து முன்னால போகும்," என்றாள் மெர்லின் மெதுவாக. "ஆனா பட்டை ஒரு ஆளுக்குத்தான் தலைக்குள்ள தடம் போடும். புதுத் தடம் போட்டா பழசு மூடிரும். எபனேசர் சார் உங்க ஞாபகத்துல இருப்பாரு. திடல்ல இனிமே வர மாட்டாரு."

அண்ணாச்சி பேரத்தில் இறங்கினார். வேறென்ன செய்வார்?

"ரெண்டு பேரையும் தாங்குதேன்."

"முடியாது அண்ணாச்சி."

"ஆளுக்குப் பாதி நேரம்?"

"தடம் மூடிரும்."

"இன்னைக்கு மட்டும் தவமணி. அடுத்த வருஷம் பழைய ஆளு. மேல வேணும்னா போட்டுக் குடுக்கேன்."

"இது காசு கேக்குற மிஷின் இல்ல அண்ணாச்சி."

"எபனேசரை வேற யாராவது தாங்கட்டும்."

"நேர்ல பாத்தவங்க, இன்னொருத்தரைத் தாங்காதவங்க, யாரு மிச்சம் இருக்கா? சொல்லுங்க, இப்பவே கூப்பிடுதேன்."

ஒருவரும் மிச்சம் இல்லை. கனகவேல் அண்ணாச்சியின் தோளில் கை வைத்தார். அந்தக் கை அங்கே வந்தது அதுவே முதல் தடவை. "விடும் வே. எப்படியும் தோக்கத்தான் போறோம். கடைசி அரைமணி நேரம் நீரு உம்ம ஆளைப் பாத்துக்கிடும், நான் என் ஆளைப் பாத்துக்கிடுதேன். கண் நெறைய பாத்துட்டு வீட்டுக்குப் போவோம்."

நல்ல யோசனைதான். அரைமணி நேர எபனேசர் கையில் இருந்தார். திடல் நடுவில், தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டு, வராத பந்துக்காகக் காத்துக்கொண்டு நின்றார். அண்ணாச்சி அவரை ஒரு நீண்ட பார்வை பார்த்தார். பிறகு, மண்டிக்காரராக இருந்த காலம் முழுவதிலும் முதல்முறையாக, சொன்ன விலைக்கே வாங்கினார்.

"போடும்மா, தவமணியை."

விசில் ஊதியபோது சென்டர் ஃபார்வர்டு இடத்தில் ஒரு சாம்பல் பொம்மை நின்றது. அண்ணாச்சி அந்தப் பக்கம் பார்க்கவில்லை. இடது ஓரத்தில் ஒரு முதுகு எழுந்தது. ஊக்குக் குத்திய சட்டை. சரிந்த காலுறை. கழுத்தில் வேர்வை. தீக்குச்சி லெவனில் அதுவரை எந்த நிழலருக்கும் வேர்த்ததில்லை.

பந்து வந்தது, நிறுத்தினான், நடுவே தள்ளினான், காலமெல்லாம் எபனேசர் நின்ற இடத்துக்கு. பொம்மை அசையவில்லை. பந்து அதன் காலடி வழியாக வெளியே போயிற்று. மறுபடியும் அதே இடத்துக்கே தள்ளினான், மறுபடியும் போயிற்று.

"தப்பாப் போச்சோ?" என்றாள் மெர்லின்.

"பொறும்மா. ரெண்டு தடவைதான் குடுப்பான். வாங்காட்டி திட்டிட்டு அடுத்தவனுக்குக் குடுப்பான். எனக்குத் தெரியாதா?"

திடலில் இருந்து ஒரு குரல் எழுந்தது. "ஏ ரஞ்சா, வேடிக்கையா பாக்கே? ஓடுலே!" கூட்டம் ஒரு நொடி அரண்டு, பிறகு கைதட்டியது. பந்து புல்லைத் தடவிக்கொண்டு வலப்பக்கம் போய், பாய்ந்துகொண்டிருந்த ரஞ்சனின் ஸ்டிக்கில் ஒட்டியது. கோல் அடிப்பதைத் தவிர வேறெதுவும் தெரியாத ரஞ்சன் கோல் அடித்தார்.

அதன் பிறகு வேலை சுலபம். கோலுக்குப் பாயவே பிறந்த எட்டுப் பேருக்கு, பந்தைக் கொடுக்க ஒருவன் கிடைத்துவிட்டான். இரண்டாவதையும் ரஞ்சனே அடித்தார். மூன்றாவதை, பின்பக்கத்தை விட்டுவிட்டு வழக்கம்போல் ஓடிவந்திருந்த ஃபுல் பேக் ஒருவர் அடித்தார். ஓடிவந்ததற்கு ஆறு வருடம் கழித்துப் பலன். கடைசி நிமிடங்களில் தூத்துக்குடிக்காரர்கள் புகுந்து புகுந்து வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் அந்த முதுகு இடையில் வந்து மறைத்துக்கொண்டு நின்றது. மறைப்பதில் அவனை அடிக்க ஆள் கிடையாது. மூன்றுக்கு இரண்டு என்று ஆட்டம் முடிந்தது.

கனகவேல் பட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "எபனேசர் இருந்திருந்தா நாலு ஆயிருக்கும் வே," என்றார். அவர் வாயில் இருந்து அது வந்ததை நாற்பத்திரண்டு லட்சத்துக்கும் கொடுக்க முடியாது.

ரெஜினா கைகுலுக்க வந்தார். "யாரு அண்ணாச்சி அது? நல்லா இருந்தாரு. ஆனா ஒரு தடவகூடத் திரும்பிப் பாக்கலியே?"

மெர்லின் ஏற்கெனவே அதைக் கவனித்திருந்தாள். ஸ்கிரீனில் தவமணியைப் பிடித்து நிறுத்தி மெல்லத் திருப்பினாள். காது வரை வந்தது. காதுக்கு அப்பால் வெறும் ஒளி. "முகம் வரல அண்ணாச்சி. உங்ககிட்ட இல்ல."

இல்லைதான். தேடிப் பார்த்தார். ஊக்கு இருந்தது, பிடரியில் ஒரு மச்சம் இருந்தது, குரல் இருந்தது. அவன் ஒரு தடவை இந்தப் பக்கம் திரும்பியிருப்பான், 'தள்ளுலே' என்று கத்துகிறவன் யார் என்று பார்த்திருப்பான். அப்போது அண்ணாச்சியின் கண் எபனேசர் மேல் இருந்திருக்கும்.

"அவரு சொந்தக்காரங்க யாராவது எங்கயாவது இருப்பாங்களாம்மா? ஒரு போட்டோ..."

"விளம்பரம் குடுத்துப் பாக்குறேன்."

ஒளி அணைந்து திடல் வெறும் புல்லானது. எல்லோரும் போன பிறகும் அண்ணாச்சி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. தொழில் புத்தி மனசுக்குள் கணக்கைப் போட்டது. வரவில், விழுந்து கிடந்து கொடுத்த ஒரு பந்து. விழுந்ததால் தெரிந்த ஒரு கோல். இன்றைக்கு வந்த மூன்று. அணி அணையாமல் இருக்கப்போகும் வருடங்கள். ரஞ்சன் கட்சிக்காரர் கனகவேல் வாயால் ஒரு நல்ல வார்த்தை. பற்றில், எபனேசர். கழித்துப் பார்த்தார். நேராகவில்லை. தவமணி பேரில், தான் கொடுக்க வேண்டியது என்று, ஒரு முகம் பாக்கி நின்றது.