இரண்டு தடவை மட்டும் அடித்த அலாம்

14.03.2001. இன்றைய பிழை: சளி உறிஞ்சிய நேரத்தை 2.10 என்று எழுதிவிட்டேன். சரியான நேரம் 2.15.

தன் பிழைகளை நாளும் எழுதிவைக்கும் கொப்பியில் அதைத் திருத்திய பிறகும் தாதி தயாளினிக்கு மனம் ஆறவில்லை. வவுனியாவின் அந்தச் சிறிய மருத்துவமனையில் சுவாச இயந்திரம் ஒன்றே ஒன்று. அதில் கிடந்தது தொள்ளாயிரம் கிராம் குறைமாதக் குழந்தை. தயாளினி சளி எடுக்கும் ஒவ்வொரு தடவையும் குழந்தையின் இரத்த ஒட்சிசன் எழுபது வீதத்துக்கு விழுந்தது. ஏற ஒரு மணி நேரம் பிடித்தது. மூத்த தாதி ஸ்ரெல்லா எடுத்தால் தொண்ணூறுக்குக் கீழே இறங்குவதேயில்லை.

"ஸ்ரெல்லாவுக்கு ராசியான கை," என்றார் டொக்டர் கதிர்காமநாதன். "இன்னும் ரெண்டொரு தரம் இப்பிடி விழுந்தால் பிள்ளை தாங்காது. நாளைக்கும் இதுதான் எண்டால் நீர் வேற வாட்டுக்குப் போம்."

ராசி என்ற அந்தச் சொல் அவளுக்கு முள்ளாகக் குத்தியது. பொறாமைதான்; அவளுக்கே தெரியும். ஆகவே ஸ்ரெல்லா மேல் எழுந்த சந்தேகத்தைக் கொப்பியில் எழுதுமுன் இரண்டு தடவை யோசித்தாள். ஒரு பொருள் காணாமற் போயிருந்தது: சுவாசக் குழாயைக் கழற்றாமலே சளி எடுக்க உதவும், பக்கத்துளை வைத்த கொனெக்ரர். இருந்ததே ஒன்று. குப்பையோடு போயிருக்கும் என்று போன கிழமை எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

பகல் 3.20. திரைக்கு வெளியே வாங்கில் அமர்ந்திருந்த குழந்தையின் தாய் பேச்சியம்மாவிடம் கேட்டாள்.

"ஸ்ரெல்லா அக்கா நிக்கேக்க மிசின் அலாம் எத்தினை தரம் அடிக்கும்?"

"வந்ததும் ஒருக்கா, போறப்ப ஒருக்கா, தாயி. நடுவுல சத்தமே இல்ல. நீங்க சளி எடுத்தாத்தான் ஒவ்வொரு வாட்டியும் கத்துது. மிசினுக்கும் உங்களப் புடிக்கல போல!"

தயாளினி அதைக் கொப்பியில் குறித்துக்கொண்டாள்.

மாலை 4.05. வேலைக்கு வந்த ஸ்ரெல்லாவை மருந்தறையில் மறித்தாள்.

"அக்கா, கொனெக்ரரைத் தாங்கோ."

"எந்தக் கொனெக்ரர்?"

"குழாய் கழண்டால்தான் அலாம் அடிக்கும். நீங்கள் வந்து அதைப் பூட்டேக்க ஒருக்கா, போகேக்க கழட்ட ஒருக்கா. இடையில நாலு தரம் சளி எடுத்ததாப் பதிவில இருக்கு, ஒருக்காலும் அடிக்கேல்லை. நான் ஒவ்வொரு தரமும் குழாயைக் கழட்ட, நுரையீரலில நிண்ட காத்து வெளியில போயிடுது. சுருங்கி ஒட்டின பலூன் மாதிரி. அதைத் திரும்ப விரிக்க அந்தப் பிஞ்சு படுற பாடு! ராசி உங்கட கையில இல்லை, அக்கா. சட்டைப் பையில இருக்கு."

ஸ்ரெல்லாவின் கை தானாகவே பைக்குப் போனது.

"பதினொரு வருசம் இந்த வாட்டில நிண்டனான். கொழும்புக்குப் படிக்க அனுப்புறது நேற்று வந்த உன்னை!"

ஸ்ரெல்லா பையிலிருந்து எடுத்துத் தந்த கொனெக்ரரைக் கிருமி நீக்கி இருவருமாகப் பூட்டினார்கள். 4.50க்குத் தயாளினி சளி எடுத்தாள். அலாம் அடிக்கவில்லை. ஒட்சிசன் தொண்ணூற்றிரண்டு. வென்றுவிட்டேன் என்று துள்ளிய மனதை எண்ணி அவளே வெட்கப்பட்டாள். பிறகு கொப்பியைத் திறந்தாள்.

நாளை: காலை ஏழு மணிக்கு டொக்டரிடம் சொல்ல வேண்டும். ஸ்ரெல்லா அக்காவும் பக்கத்தில் நிற்க வேண்டும். அந்தப் பதினொரு வருட மனக்குறையை அவரே சொல்லட்டும்.